ஆவணிக்குக் காத்திருந்த டயர்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, முக்கொம்புக்குப் போகும் வழியில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற ஒரு சின்ன ஊர் எங்களுடையது. வாழையும் நெல்லும்தான் பிழைப்பு. அப்பா இறந்த பிறகு குடும்பத்தைத் தாங்கியவர் என் அண்ணன். அவர், அண்ணி, அவர்களுடைய சின்னஞ்சிறு பெண் குழந்தைகள், கல்யாணமாகாத தடியனாக நான். இவ்வளவுதான் எங்கள் வீடு.

எங்களிடம் ஒரு ஜீப் இருந்தது. பட்டாளத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வந்த வண்டி. நான்தான் அண்ணனை நச்சரித்து நச்சரித்து வாங்க வைத்தேன். "நாலு மாடு நிக்கிற வீட்டுல இந்தத் தகர டப்பா எதுக்குடா?" என்று முதலில் முகத்தைச் சுளித்தார். வாங்கிய பிறகு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தவரும் அவரேதான். காலையில் வண்டி கிளம்பாமல் முரண்டு பிடித்தால் அவருக்கு ஒரே கொண்டாட்டம். "மாட்டுக்கு வைக்கோல் போட்டா எந்திரிக்கும். இதுக்கு என்ன போடணும்னு கேட்டுச் சொல்லு, வாங்கியாறேன்" என்பார்.

அந்த வண்டியைப் பேணுவது லேசான வேலை இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்க வேண்டும், ஆயில் மாற்ற வேண்டும், சேற்றில் போய்வந்தால் அடியில் படுத்துக் கழுவி மூலைக்கு மூலை கிரீஸ் வைக்க வேண்டும். இதையெல்லாம் நான் சலிக்காமல் செய்தேன். எனக்குத் தலைவலி கொடுத்தது டயர்தான். ஏனென்றால் எங்கள் ஊர்க்காரனின் வண்டி மூன்று விதமான தரையில் ஓடியாக வேண்டும்.

கோடையில் கொள்ளிடம் வற்றிக் கிடக்கும். அக்கரையில் எங்களுக்குக் கொஞ்சம் புஞ்சை இருந்தது. மணலில் இறங்குவதற்கு முன்னால் நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிடுவேன். டயர் சப்பையாகி, அகலமாகி, மணலுக்கு மேலேயே மிதந்து போகும். அக்கரை ஏறியதும் கைப்பம்பை எடுத்துத் தோள்பட்டை விட்டுப்போகிற வரைக்கும் காற்றடிக்க வேண்டும். திருச்சிக்குப் போனால் தார் ரோடு. அங்கே பல் இல்லாத சமமான டயர்தான் சத்தமில்லாமல் ஓடும், சீக்கிரம் தேயாது. ஊருக்குள் வந்தால் வாய்க்கால் கரைக் களிமண். ஒரு மழை பெய்தால் போதும், நடக்கிறவனே விழுவான். அங்கே ஆழமான பல்லும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நல்ல இடைவெளியும் உள்ள டயர் வேண்டும். அப்போதுதான் சுற்றச் சுற்றச் சேற்றை உதறிவிட்டு மண்ணைப் பிடிக்கும்.

எங்களிடம் இருந்த டயர்கள் ஒருமுறை மேல் ரப்பர் ஒட்டி, அதுவும் தேய்ந்துபோனவை. வழுவழுவென்று உள்ளங்கை மாதிரி இருந்தன. ஒன்றில் உள்ளே இருக்கும் நூலே தெரிந்தது. திருச்சியில் டயர் கடைக்காரர், சமமான டயராகவே வாங்கிக்கொள்ளுங்கள், ரொம்ப நாள் உழைக்கும் என்றார். நான் கேட்கவில்லை. வண்டி எங்கே நன்றாக ஓடும் என்று பார்த்து டயர் வாங்கக் கூடாது, எங்கே நின்றுபோகும் என்று பார்த்து வாங்க வேண்டும் என்பது என் கட்சி. பல் வைத்த டயர்தான் வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டு வந்தேன்.

அந்தக் காலத்தில் டயர் நினைத்தவுடன் கிடைக்கிற சரக்கு இல்லை. மாசியில் சொல்லி வைத்தது. பங்குனி போனது, சித்திரை போனது, வைகாசியும் ஆனியும் போயின. ஆடி பிறந்த பிறகுதான் வந்திருக்கிறது என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். ஓடிப்போய் வாங்கி வந்தேன். வழியெல்லாம் அந்தப் புது ரப்பர் வாசனை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணன் வாசலில் நின்று ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பல்லுக்கு நடுவில் விரலை விட்டு ஆழம் பார்த்தார். "நல்லாத்தான்டா இருக்கு" என்றார். நான் ஸ்பானரை எடுக்கத் திரும்பினேன்.

"ஆடி பொறந்துடுச்சே தம்பி. ஆவணி ஒண்ணாந் தேதி மாட்டிக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. "இது என்னண்ணே, கல்யாணமா? டயருண்ணே இது!"

"கல்யாணமோ காளையோ, புதுசா எதுவும் ஆடியில வேணாம்."

அவர் காளை என்றதற்குக் காரணம் இருந்தது. அண்ணன் சிறுபிள்ளையாக இருந்தபோது அப்பா ஓர் ஆடியில் புது ஜோடி மாடு பிடித்து வந்தார். அந்த மாதம் முடிவதற்குள் அதில் ஒன்று உழுதுகொண்டிருக்கும்போதே வயலில் விழுந்து காலை நீட்டிவிட்டது. அதோடு சரிந்த குடும்பம் நிமிர வெகுகாலம் ஆனது. அந்த மாட்டின் பக்கத்தில் அப்பா சேற்றிலேயே உட்கார்ந்திருந்ததை அண்ணன் பார்த்திருக்கிறார். "அந்த மாடு ஆடியால செத்துச்சா, அடைப்பான் நோயால செத்துச்சாண்ணே?" என்று நான் கேட்டேன். என் அண்ணன் முட்டாள் இல்லை. அவருக்குப் பயம், அவ்வளவுதான். எங்களுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்கிற பயம்.

அண்ணி அண்ணன் பக்கம். டயர்களை நெல் குதிர் இருக்கிற அறைக்குள் உருட்டிக்கொண்டு போய் அடுக்கி, மஞ்சள் குங்குமம் வைத்தார். "ஒரு மாசந்தானே தம்பி? டயரு என்ன, ஓடியா போயிடப் போவுது?" என்று என்னைச் சீண்டினார். நானும் சிரித்துவிட்டேன். பட்டாளத்து ஜீப்பின் சக்கர வளையம் இரண்டு துண்டாகப் பிரியும். போல்ட்டைக் கழற்றினால் நானே டயரை மாற்றிவிடலாம், யாரும் வேண்டாம். ஒரு மதியப்பொழுது வேலை. ஆனால் அண்ணன் வேண்டாம் என்றால் எங்கள் வீட்டில் அது வேண்டாம்தான்.

ஆடியில் எங்கள் பக்கம் பார்க்கக் கண் கொள்ளாது. வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடும். பார்த்த இடமெல்லாம் நடவு நடக்கும். அந்த ஆடியில் ஒரு நாள் சாயங்காலம் எதிர்பாராத ஒரு மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை மடை திறக்க அண்ணன் வயலுக்குப் போனார். நான் வாசலில் ஜீப்பின் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் வேகமாகத் திரும்பி வந்தார். முழங்கைக்கு மேலே துண்டு இறுகக் கட்டியிருந்தது.

"தம்பி, வண்டிய எடு. நல்ல பாம்பு."

யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். மடையை அடைத்திருந்த புல்லை வாரக் கையை விட்டிருக்கிறார், அதற்குள் கிடந்திருக்கிறது. அண்ணி அலறிக்கொண்டு ஓடிவந்தார். பக்கத்து வீட்டுக்காரர், அடுத்த ஊரில் விஷத்துக்கு மந்திரிக்கிறவர் இருக்கிறார், அங்கே போகலாம் என்றார். "மந்திரமெல்லாம் வேணாங்க. பெரியாஸ்பத்திரிக்கு விடுடா" என்றார் அண்ணன். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உயிர் வந்தது. திருச்சி ஒன்றும் காணாத தூரம் இல்லை. வாய்க்கால் கரையைத் தாண்டி ஸ்ரீரங்கத்தைத் தொட்டுவிட்டால் தார் ரோடு, காவிரிப் பாலம், அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. ஊசி போட்டால் பிழைத்துவிடுவார். குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டோம். முரண்டு பிடிக்கிற வண்டி அன்றைக்குப் பார்த்து ஒரே முயற்சியில் கிளம்பியது.

பாதிக் கரை போயிருப்போம். ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் தானாக நழுவி வயல் பக்கம் திரும்பியது. நான் முன் சக்கரங்களுக்கும் விசையைக் கொடுத்தேன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான். ஆனால் நாலும் வழுக்கினால் என்ன செய்வது? சக்கரம் சுற்றியது, சேறு வாரி அடித்தது, வண்டி இருந்த இடத்திலேயே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முன்னே எடுத்தேன், பின்னே எடுத்தேன். இறங்கிக் கையாலேயே சேற்றைத் தோண்டினேன். சீட்டுக்கு அடியில் கிடந்த கோணியைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டேன். அதைச் சுருட்டிப் பின்னால் வீசிவிட்டது. காற்றை இறக்கிப் பார்க்கலாமா என்று கை போனது. ஆனால் அது மணலுக்கு. இங்கே அடியில் கெட்டித் தரை, மேலே வழவழவென்று களி. இங்கே பிடிப்பதற்குப் பல்தான் வேண்டும். பல்லெல்லாம் குங்குமம் வைத்துக்கொண்டு குதிர் அறையில் உட்கார்ந்திருந்தன.

நான் வெறி பிடித்தவன்போலச் சக்கரத்தைக் காலால் உதைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

"வண்டிய உதைக்காதடா" என்றார் அண்ணன். நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய கண் இமைகள் பாதி மூடி இருந்தன. தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்போல இருந்தார். நாக்குத் தடித்துப் பேச்சுக் குழறியது. "ஆவணி பொறந்ததும் மொத வேலையா மாட்டிடு" என்றார்.

அதை அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்கு இதுவரை தெரியாது. தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொன்னாரா, இல்லை அந்த நிலைமையிலும் ஆடியில் மாட்டிவிடாதே என்று சொன்னாரா? நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரைத் தோளில் தூக்கப் பார்த்தேன். அண்ணன் நல்ல வாட்டசாட்டம். நானும் அண்ணியுமாக அவரை நாலடி நகர்த்துவதற்குள் மூன்று பேரும் சேற்றில் விழுந்தோம். திரும்ப வண்டியிலேயே உட்கார வைத்தோம்.

கொஞ்ச தூரத்தில் ஒரு வயலில் பெண்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் ஆட்கள் இல்லை. வயலும் யாருடையதோ. அண்ணி கரையில் நின்றுகொண்டு, "ஓடியாங்களேன், எம் புருஷனப் பாம்பு கடிச்சிடுச்சு" என்று கத்தினார். போட்டது போட்டபடி வரப்பெல்லாம் தாண்டிக்கொண்டு அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். யார் என்ன என்று ஒருத்தி கேட்கவில்லை. முழங்கால் வரைக்கும் சேறாக நின்று வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். தள்ளுகிறவர்களின் காலே வழுக்கியது. ஒருத்தி குப்புற விழுந்தாள், எழுந்து மறுபடி தள்ளினாள். வண்டி அசையவில்லை.

அப்போது அவர்களில் ஒரு நடுத்தர வயதுப் பெண் வயலுக்குத் திரும்பி ஓடினாள். நடுவதற்காகக் கட்டி வைத்திருந்த நாற்று முடிகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து சக்கரத்துக்கு அடியில் திணித்தாள். மற்றவர்கள் திகைத்துப்போய் நின்றார்கள். நாற்றைக் காலால் மிதித்துவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாங்களெல்லாம். போதாததற்கு அது வேறொருவருடைய நாற்று. வயல்காரர் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது?

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஏச்சு வாங்குனா நான் வாங்கிக்கிறேன், கொண்டாங்கடி!" என்று அவள் கத்தினாள்.

அவ்வளவுதான். வரிசையாக நின்று கை மாற்றிக் கை மாற்றி நாற்று முடிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். பச்சைப் பசேலென்று சேற்றின் மேல் ஒரு பாதை விழுந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பக்கத்தில் அண்ணன் கையைத் தூக்க முயன்றார். அவரால் முடியவில்லை.

"நாத்து... வீணாப் போவுதே" என்றார்.

பயிரில் ஓர் ஆடு வாய் வைத்தால் அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு. அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. சக்கரம் நாற்றை அரைத்துக்கொண்டு ஏறியது. வண்டி உறுமி, ஆடி, கெட்டித் தரையைப் பிடித்துக்கொண்டது. நான் நிறுத்தவில்லை, ஒரு வார்த்தை நன்றியும் சொல்லவில்லை. பின்னால் அந்தப் பெண்கள் "ரங்கா, ரங்கா" என்று கும்பிட்டுக்கொண்டு நின்றதாக அண்ணி பிறகு சொன்னார்.

ஸ்ரீரங்கத்தில் தார் ரோட்டைத் தொட்டதும் அந்த வழுக்கை டயர்கள் சத்தமே இல்லாமல் ஓடின. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அண்ணி பின்னாலிருந்து எட்டி அண்ணனின் தலையைத் தாங்கிப் பிடித்து, வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எதுனா பேசுங்க... இதோ வந்துடுச்சு... பாலம் வந்துடுச்சு, பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். காவிரியில் தண்ணீர் நொப்பும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் அண்ணியின் குரல் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தால் எதுவும் ஆகியிருக்காது என்பதுபோல நேராகவே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசுக்காரர். என் சட்டையிலும் அண்ணியின் சேலையிலும் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தார்.

"வழியில எங்கயாவது நின்னுட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சேத்துல மாட்டிக்கிட்டோம்ங்க ஐயா" என்று அண்ணிதான் சொன்னார்.

சாயங்காலம் அண்ணனை அதே ஜீப்பில்தான் ஊருக்குக் கொண்டுவந்தேன். வேறு வழியும் கிடையாது, வேறு வண்டியும் கிடையாது. அந்த வளைவு வந்தபோது வயலில் யாரும் இல்லை. காலையில் போட்ட நாற்றுகள் சேற்றோடு சேறாக அழுந்திக் கிடந்தன. ஓரத்தில் கிடந்த சில மட்டும் நிமிர்ந்திருந்தன. அவற்றின் மேலேயே ஏற்றினேன். வண்டி சிக்காமல் போய்விட்டது. உயிரைக் கொண்டுபோகப் போட்ட பாதை, உடம்பைக் கொண்டுவருவதற்கு உதவியது. கடவுளைப் பற்றி அந்த இடத்தில் நான் நினைத்ததை இங்கே எழுத முடியாது.

காரியத்தன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். எங்கள் பெரியம்மா ஒருத்தி கூடத்தில் உட்கார்ந்து ஒப்பாரிக்கு நடுவிலேயே, "ஆடியில போயி அந்தச் சனியன வீட்டுக்குள்ள எறக்குனீங்களே, சும்மா போவுமா அது?" என்றாள். ஆமாம், ஆமாம் என்று நாலு பேர் தலையாட்டினார்கள். டயரைத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது.

"அத மாட்டியிருந்தா எங்கண்ணன் இன்னிக்கு உசுரோட இருந்திருப்பாரு!" என்று கூரை அதிரக் கத்தினேன்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அண்ணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். டயரை வாங்கி வந்தவனும் நான்தான், ஆடியில் வீட்டுக்குள் கொண்டுவந்தவனும் நான்தான். அவர் அதைச் சொல்லவில்லை. "தம்பி, அத எங்கயாவது கொண்டுபோயிடுங்க. வீட்டுல வேணாம்" என்றார்.

மறுநாளே டயர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அரியமங்கலம் பக்கம் தெரிந்த ஒரு பட்டறையில் வண்டியோடு சேர்த்து விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன். அதன் பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

ஆவணியில் அந்த வயலைத் தேடிக்கொண்டு போனேன். கரையோரம் ஒரு துண்டு மட்டும் வேறு பச்சையில் இருந்தது. நாற்றுப் போதாமல், பிந்தி எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அன்றைக்கு நட்டவர்கள் யார் என்று விசாரித்தேன். கூலிக்கு வந்த கூட்டம், எந்த ஊர் என்று சரியாகத் தெரியவில்லை என்றார்கள். நேரில் வந்து நின்றாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. அந்தப் பெண் ஏச்சு வாங்கினாளா, கூலி கிடைத்ததா, எதுவும் தெரியாது.

பிற்பாடு எனக்கும் கல்யாணமானது. அண்ணி எங்களோடேயே இருந்தார். அவருடைய பெண்களை நான் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தேன். எனக்குச் சோறு போட்டார், என் குழந்தைகளை வளர்த்தார். அந்த நாளைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதே இல்லை. ஆனால் ஓர் ஆடியில் என் சைக்கிளுக்குப் புது டியூப் வாங்கி வந்தபோது வாசலிலேயே மறித்து, "அது வெளியவே இருக்கட்டும் தம்பி" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. நானும் மறுபேச்சுப் பேசாமல் வெளியிலேயே வைத்தேன்.

அவரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த டயர்கள் ஆடியில் வீட்டுக்குள் வந்ததால்தான் அண்ணன் போனார் என்று அவர் கடைசிவரை நம்பினார். அவை ஆடியில் வீட்டுக்குள்ளேயே கிடந்ததால்தான் போனார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அண்ணனைக் கொன்றது டயர்தான் என்பதில் எங்களுக்குள் வேறுபாடே இல்லை. பாம்பை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். யாராலும் எனக்கு ஆறுதல் சொல்ல முடிந்ததில்லை, நானும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் யாரென்றே தெரியாத ஒருவனுக்காக, தன்னுடையதும் இல்லாத நாற்றை யோசிக்காமல் சேற்றில் போட்ட அந்தப் பெண்ணை நினைக்கும்போது மட்டும்தான், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அழுகை வருகிறது.